ட்ரிப்பு ஜீப்பில் ஒன்பதாம் வளையம்

'ஒன்பதாம் வளையம்' படங்களைப் பற்றி என்னிடம் யாரும் தப்பாகப் பேசக்கூடாது. ஆறு படத்தையும் தமிழ் டப்பிங்கில் பார்த்து, பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று இங்கிலீஷிலும் பார்த்தவன் நான். ஹல்வர் விண்கலத்தின் இடது இறக்கை எந்தப் படத்தில் எந்தச் சண்டையில் உடைந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்றவர்கள் ஜீப்பின் பின்கண்ணாடியில் குலசாமி பெயரை எழுதுவார்கள். நான் ஹல்வர் கப்பலை ஒட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரி பானுப்பிரியா அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும்.

ஜீப்பு பிழைப்புக்கு. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை விடிகாலையில் ராசிங்காபுரத்தில் ஏற்றி, போடி வழியாக முந்தல் போய், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே ஆட்களோடு இறங்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஊர் வம்பை அலசி முடிப்பதற்கும் மெட்டு வருவதற்கும் சரியாக இருக்கும். அதில் கல்யாண வம்பு, கோழி வம்பு, மருமகள் வம்பு எல்லாம் எனக்கு மனப்பாடம்.

இந்த ஐப்பசியில் ஒரு நாள் வம்புச் சத்தம் நின்றுபோனது. ஒருத்தி மட்டும் பேசுகிறாள், மற்றவர்கள் மூச்சு விடவில்லை. என்னடா இது என்று காதைக் கொடுத்தேன்.

"...எஞ்சின் செத்துப் போன கப்பலுக்குள்ள, சொல்வின் தனியா உக்காந்து தகர டப்பாவுல டீ போட்டான்..."

பிரேக்கில் ஏறி நின்றேன். பின்னால் மூக்கம்மாள் அத்தையின் தூக்குச்சட்டி உருண்டது.

"சொல்வினாவது டீ குடிக்கிறதாவது! அந்தக் கப்பல்ல டீத்தூளே கிடையாது!"

எல்லோரும் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்கள். கதை சொன்னவள் பொற்கொடி. டிகிரி முடித்துவிட்டு அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே காய் எடுக்க வருகிற பெண். கையில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்களும் ஒன்பதாம் வளையம் பாப்பீங்களா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாப்பீங்களாவா? ஆறாவது படத்துக் கடைசி சீனை அப்படியே சொல்லவா?"

சொன்னேன். சொல்வின் அந்தக் கப்பலின் மெக்கானிக். எதிரிகள் அடித்த அடியில் எஞ்சின் அணைந்துவிட, மயங்கிக் கிடக்கும் கேப்டன் ரேனாவை மடியில் போட்டுக்கொண்டு அவன் இருட்டுக்குள் மிதந்து போவான். அத்தோடு படம் முடியும். ஏழாவது படத்துக்காக மூன்று வருஷமாகக் காத்துக்கிடக்கிறோம்.

"அந்த இடத்துல இருந்துதான்ணே நான் எழுதுறேன்" என்றாள். "இதுக்கு ஃபேன் ஃபிக்ஷன்னு பேரு. நமக்குப் புடிச்ச படத்தை வச்சு நாமளே எழுதிக்கிறது. கதை ஆப்புல போடுவேன். கொஞ்சப் பேரு படிக்கிறாங்க. இவங்க கேட்டாங்கன்னு இங்கயும் வாசிக்கிறேன்."

எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. படம் எடுத்தவனுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிட்டது? தினமும் ஒரு தப்பைப் பிடித்தேன். சொல்வினுக்குத் தங்கச்சி கிடையாது. ரேனா பாட்டுப் பாட மாட்டாள். பின்னால் இருந்தவர்களோ எதற்கும் மசியவில்லை. அவர்கள் வாயில் சொல்வின் செல்வமாகிவிட்டான், ரேனா ராணியாகிவிட்டாள். "ஏப்பா தங்கபாண்டி, ரோட்டப் பாத்து ஓட்டுப்பா. செல்வம் சோலிய செல்வம் பாத்துக்கிருவான்" என்று மூக்கம்மாள் அத்தை என் முதுகில் தட்டினாள்.

ஒரு நாள் சொல்வின், மயங்கிக் கிடக்கும் ரேனாவிடம் காதலைச் சொல்லப்போனான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"அடுத்தவன் உருவாக்குனதக் களவாண்டு வச்சுக்கிட்டு பெரிய கதையெழுதுறவ மாதிரி வாசிக்கிறியே, சொந்தமா யோசிக்கத் துப்பில்லையா உனக்கு?"

பொற்கொடி போனை அணைத்து மடியில் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் அவள், இன்னொரு ட்ரிப்பு ஜீப்பு ஓட்டும் உக்கிரபாண்டியின் வண்டியில் ஏறிக்கொண்டாள். என் ஆட்களில் பாதிப் பேர் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். போனால் போகட்டும் என்று வீம்பாக ஓட்டினேன்.

அந்த வாரமே இடி விழுந்தது. போடியில் டீக்கடை வாசலில் நின்று போனைத் திறந்தால் செய்தி. ஏழாவது படம் கிடையாதாம். கட்டுப்படியாகாது என்று கம்பெனி கைவிட்டுவிட்டதாம். இனி எப்போதுமே கிடையாதாம். அப்படியானால் சொல்வின்? அந்த இருட்டுக்குள் ரேனாவை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே கிடக்க வேண்டியதுதானா? பிழைத்தானா, செத்தானா என்று யாருமே சொல்லப்போவதில்லையா?

வீட்டுக்குப் போனதும் பானுப்பிரியா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"யாருக்கு என்னாச்சு?"

"சொல்வின்" என்றேன்.

"அது யாரு? உங்க சித்தப்பா பக்கமா?"

வருத்தத்தில்கூட ஒன்று உறைத்தது. சொல்வின் கதையை இன்னமும் நகர்த்திக்கொண்டிருக்கிற ஒரே ஆள் பொற்கொடிதான். அவளைத்தான் நான் வாயால் விரட்டிவிட்டிருக்கிறேன். கதை ஆப்பில் போய்த் தேடினேன். ஒன்பதாம் வளையத்துக்கு ஆயிரக்கணக்கில் கதைகள் கிடந்தன. அவள் என்ன பெயரில் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

கடைசியில் மூக்கம்மாள் அத்தையைத்தான் பிடித்தேன். அவள் என் ஜீப்பை விட்டுப் போகவில்லை. ஜன்னலோர இடம் இல்லாவிட்டால் அவளுக்கு வாந்தி வரும், அந்த இடம் என் ஜீப்பில் அவளுக்கு நிரந்தரம். தோட்டத்தில் ஏலச்செடித் தூரில் உட்கார்ந்து காய் எடுக்கும்போது பக்கத்து நிரையில் இருக்கும் பொற்கொடியிடம் மிச்சக் கதையைக் கேட்டுவிடுவாள்.

"செல்வம் கஞ்சி காச்சி, மயங்கிக் கெடக்குற ராணி வாயில ஊத்திவிட்டான்" என்றாள் சாயங்காலம். "கப்பல் ஒரு பெரிய ஊரு மேல விழப்போகுது."

"ஊரா? கோளா அத்தை?"

"என்னமோ, உருண்டையா இருக்குமாம்."

"எப்படி விழுது? வேகமாவா? சுத்திக்கிட்டா?"

"அதெல்லாம் நான் கேக்கலப்பா. அதுக்குள்ள கங்காணி வந்துட்டான்."

என் பொறுமை அத்தோடு போனது. அடுத்த நாளிலிருந்து உக்கிரபாண்டியின் ஜீப்பை ஒட்டியே ஓட்ட ஆரம்பித்தேன். மூடுபனியில் அவன் வால் விளக்கு என் பம்பரில் இடிக்கிற மாதிரி. வளைவுகளில் அவன் திணறி மெதுவாகும்போது தலையை வெளியே நீட்டிக் காதைத் தீட்டினால் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை விழும். "ரேனாவின் விரல்..." என்று வரும், அப்புறம் ஹாரன் சத்தம். விரல் என்ன ஆச்சு? அசைந்ததா? மெட்டு வரும் வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இருக்காது.

"மாப்ளே, என் வண்டி மேல ஏறிப் படுக்கப்போறியா?" என்று உக்கிரபாண்டி மெட்டில் சண்டைக்கு வந்தான். பனி தெரியவில்லை என்று சமாளித்தேன்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், லோடு லாரி ஒன்று வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டது. கீழே வரைக்கும் ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. என் ஜீப்பு வழக்கம்போல உக்கிரபாண்டியின் ஜீப்புக்குப் பின்னால். பெண்கள் எல்லோரும் இறங்கி ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் பொற்கொடியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நானும் டயரைப் பார்ப்பது போலக் கிட்டே போனேன்.

"முடிவு சொல்லுத்தா" என்றாள் ஒருத்தி.

"முடிவு வரலக்கா" என்றாள் பொற்கொடி. கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகமாக இருந்தாள். "ஒரு வாரமா அந்த ஒரு இடத்துலயே நிக்கிறேன். எஞ்சின் செத்துக் கிடக்கு. கரண்டு இல்ல. கோளு கப்பலை இழுக்குது. எப்படிக் காப்பாத்துறதுன்னு தெரியல. ஆப்புல படிக்கிறவங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பேசாம இன்னைக்கு ரெண்டு பேரையும் சாகடிச்சு முடிச்சிர்றேன்."

"செல்வத்தைக் கொன்னே, நான் இந்த மலைய விட்டு நடந்தே இறங்கிருவேன்!" என்று மூக்கம்மாள் அத்தை எழுந்துவிட்டாள்.

கம்பெனிக்காரன் கைவிட்டான், இவளும் கைவிட்டால் அவ்வளவுதான். வெட்கத்தைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன்.

"பாப்பா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. அவனுக்கு டீ குடுத்ததும் சரி, தங்கச்சி குடுத்ததும் சரி. சாகடிக்க மட்டும் செய்யாத."

அவள் போனை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு மட்டும் ஆசையாண்ணே? எஞ்சின் செத்துப்போச்சு. நான் என்ன செய்ய?"

ஆறு படத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வழியும் இல்லை.

அதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. வரிசை முழுக்க ஹாரன். ஜீப்புகள் ஒவ்வொன்றாக உறுமின. உக்கிரபாண்டியின் ஜீப்பு மட்டும் உறுமவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திருப்பித் திருப்பிப் பார்த்து வேர்த்துப்போனான்.

"மாப்ளே, செல்ஃப் ஸ்டார்ட்டு போச்சு!"

"போனா என்ன? ஏத்தத்துலதான நிக்கிற? பின்னால சாய விடு!" என்றேன். என் ஜீப்பையும் அதற்குப் பின்னால் நின்றவற்றையும் நாலு வண்டி தூரம் பின்வாங்க வைத்துவிட்டு, பெண்களைச் சுவரோரம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கிளட்ச்ச மிதி. ரிவர்ஸ் போடு. பிரேக்க விடு. விடுறா பயப்படாம! அது தானா இறங்கும். வேகம் வரட்டும்... வரட்டும்... இப்ப கிளட்ச்ச விடு!"

ஜீப்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. கரும்புகை கக்கியது. எஞ்சின் கடகடவென்று பிடித்துக்கொண்டது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கையில் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. திரும்பிப் பார்த்தால் பொற்கொடியும் வாயைத் திறந்தபடி அந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓடினேன்.

"பாப்பா, எழுது! கோளு இழுக்குதுல்ல? இழுக்கட்டும்! அவன் தடுக்க வேணாம். கப்பல ரிவர்ஸ்ல போட்டுப் பின்னால விழ விடச் சொல்லு. விழுற வேகத்துல எஞ்சினைக் கோக்கச் சொல்லு!"

அவள் கண் விரிந்தது. கை போனைத் தேடியது. சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஆனா அண்ணே, அணைஞ்ச எஞ்சின் மறுபடி பத்தாதுன்னு மூணாவது படத்துல கேப்டனே சொல்லுவாங்களே? ரேனா, அந்தச் செவப்பு அறையில, இடது கையில அடிபட்டுக் கட்டுப் போட்டிருப்பாங்களே, அப்ப?"

எந்தக் கையில் கட்டு என்பதுகூட இவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைப் போலவே, ஏன், என்னைவிடவும் அதிகமாக இவள் அந்தப் படங்களில் கிடந்து வாழ்ந்திருக்கிறாள். இத்தனை நாளாக இவளிடமா நான் படம் காட்டிக்கொண்டிருந்தேன்?

"சொன்னா சொல்லிட்டுப் போறா" என்றேன். "கேப்டனுக்கு என்ன தெரியும்? அவ எந்த மலையில ஜீப்பு ஓட்டுனா?"

பொற்கொடி சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே என் ஜீப்பின் முன்சீட்டில் ஏறினாள். பின்னால் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் கட்டைவிரல்கள் போனில் பறந்தன. நடுநடுவே "அண்ணே, குலுங்குமா?" என்பாள். "பல்லு ஆடுற மாதிரி குலுங்கும்!" என்பேன். "மொதல்ல புகை வருமா, சத்தம் வருமா?" என்பாள். "புகை! புகை!" என்று பின்னால் இருந்து எல்லோரும் கத்துவார்கள்.

மெட்டில் நிறுத்தியதும் வாசித்தாள்.

"சொல்வின் தடையை விட்டான். ஹல்வர் முதுகைக் காட்டியபடி கோளை நோக்கிச் சரிந்தது. 'விழுகிறோமா?' என்றாள் ரேனா, கண்ணைத் திறக்காமலே. 'ஆமாம், கொஞ்ச நேரம் விழுவோம்' என்றான் சொல்வின். கப்பல் குலுங்கியது. கரும்புகை வந்தது. அந்தப் புகைக்கு நடுவில், எல்லோரும் செத்துவிட்டதாக நினைத்த எஞ்சின் இருமியது."

அதற்கு மேல் வாசிக்க விடவில்லை. மூக்கம்மாள் அத்தை குலவை போட்டாள். ஒருத்தி போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? போடிமெட்டு டீக்கடையில் இருந்தவர்கள் யாருக்கோ கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார்கள். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். மூன்று வருஷம் இருட்டுக்குள் கிடந்தவன் பிழைத்துவிட்டான். அழாமல் என்ன செய்வது?

அன்று சாயங்காலமே ஆப்பில் போட்டுவிட்டாள். அங்கே அவள் எழுதுகிற பெயர் இப்போது எனக்குத் தெரியும், நானும் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தேன். சோறு ஆற ஆறப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கருத்து வந்தது, யாரோ ஒரு ஆள்: 'அணைந்த எஞ்சின் மீண்டும் பற்றாது. மூன்றாம் படத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டு எழுதவும். தயவுசெய்து ஒரிஜினலைக் கெடுக்காதீர்கள்.'

வந்ததே எனக்கு ஆத்திரம். பானுப்பிரியா சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்: 'தம்பி, மூன்றாம் படத்தை நான் முப்பது தடவை பார்த்தவன். நாளைக் காலையில் முந்தலுக்கு வா. என் ஜீப்பில் ஏற்றிப் பாதி மலையில் எஞ்சினை அணைத்து, பின்னால் விழவிட்டுக் காட்டுகிறேன். பற்றுகிறதா இல்லையா என்று நீயே வந்து எழுது.'