இல்லாத ஜெர்மன்காரனின் கையெழுத்து

1

ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையின் வில்லனைப் பதினைந்து வருடம் முன்பே எழுதிவிட்டேன், ஒரு கேட்லாக்கில்.

விளாங்குடியில் பட்டறை வைத்திருக்கும் சௌரிராஜன், மலையில் அடிபட்டவரைத் தூக்கிவர ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர் செய்தார். யோசித்தது, வளைத்தது, பற்றவைத்தது எல்லாம் அவரே. ஒரு ஆஸ்பத்திரியும் வாங்கவில்லை. கதை எழுதுகிற என்னிடம் கேட்லாக் எழுதித் தரச்சொல்லி வந்தார்.

"உள்ளூர்ச் சரக்குன்னா தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கிறாய்ங்கண்ணே. ஒரு வெள்ளக்காரனப் போட்டு எழுதுங்க."

போட்டேன். டாக்டர் க்ளாஸ் ப்ரென்னர், ஜெர்மனி. பனிமலையில் தம்பியைப் பறிகொடுத்த சோகத்தில் பிறந்த டிசைன். (தம்பி என் உபயம். தொழில் புத்தி.) ஸ்ட்ரெச்சர் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

2

'டெல்லி. கொட்டும் மழை. ராணுவ ரகசியம் அடங்கிய அந்தப் பெட்டியை அவள் திறந்த மறுகணம்...'

வேண்டாம். நடந்தது ஒரு அரசாங்க அலுவலகத்தில், காலை பதினோரு மணிக்கு, டீ வந்த பிறகு.

ராணுவக் கொள்முதலில் இப்போது உள்நாட்டிலேயே வடிவமைத்த பொருளுக்குத்தான் முன்னுரிமை. சௌரிராஜன் துள்ளிக்கொண்டு விண்ணப்பித்தார். வரைபடம் கேட்டார்கள். அவரோ சாக்பீஸால் தரையில் வரைந்து, வேலை முடிந்ததும் பெருக்கித் தள்ளுகிறவர். கையிலிருந்த ஒரே காகிதத்தை இணைத்தார். என் கேட்லாக்.

3

கொள்முதல் அதிகாரி பட்டாபிராமன் எங்கள் இருவர் முன்னால் கேட்லாக்கைப் புரட்டினார்.

"டிசைன் ப்ரென்னரோடதுன்னு போட்டிருக்கே?"

"அப்படி ஒரு ஆளே கிடையாதுங்க சார். இந்தா, இந்த அண்ணே எழுதுனது."

"அப்ப, இது தன்னோட டிசைன் இல்லைன்னு ப்ரென்னர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க. வெள்ளிக்கிழமை கடைசி."

(அடிக்குறிப்பு: போட்டிக் கம்பெனி, வெளிநாட்டு ஸ்ட்ரெச்சரைப் பெட்டியோடு இறக்கி, ஒத்தக்கடைப் பக்கம் 'வைகை வீரன்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறது. அவர்கள் காகிதங்களில் ஒரு குறையும் இல்லை.)

வெளியே வந்ததும் சௌரிராஜன் சொன்னார்: "டெண்டர் போனாப் போகுதுண்ணே. நான் செஞ்சத நான்தான் செஞ்சேன்னு சொல்ல அவன் கையெழுத்துல்ல வேணுங்கிறாரு!"

4

முடிவு அ: ப்ரென்னராக நானே கடிதம் எழுதுவது. பிரமாதமாக வரும். ஜெயிலும் வரும்.

முடிவு ஆ: ப்ரென்னர் தம்பியைத் தேடிப் பனிமலையில்... (அடித்துவிட்டேன்.)

முடிவு இ: 'அவர் என் கற்பனை' என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தேன். பட்டாபிராமன் இரண்டு முறை படித்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"தொடர்கதை எழுதுறேன் சார்."

"கதை எழுதுறவர் சொல்றத எப்படிங்க ஆதாரமா எடுத்துக்கறது? கதை எழுதாதவங்க ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்."

ஒன்று, சௌரிராஜனின் மனைவி தேவிகா போட்டாயிற்று. ப்ரென்னரை முழுக்கத் தெரிந்து, அப்படி ஒருவர் இல்லை என்பதும் தெரிந்த இன்னோர் ஆள், வாசகரே, இந்த நிமிடம் நீங்கள்தான். நாளை வெள்ளிக்கிழமை. பேனா இருக்கிறதா?

2. ______________