கை இழுத்து வந்த சொல்

பவுல்பாண்டியன் சாருக்குப் பேச்சு போய் ஐந்து மாதமாகியிருந்தது. சங்கரன்கோவிலில் வாலிபால் ஆடும் பாதிப் பேருக்கு அவர்தான் கோச். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் சேர்த்து முடக்கிவிட்டது. பிறர் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. "அது... அது..." என்று திணறிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி தரும் எஸ்லின் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து படங்களைக் காட்டுவாள். டம்ளர் படத்தைப் பார்த்து அவர் டம்ளர் என்று சொன்னதேயில்லை. அன்று சாயங்காலம் மனைவி ஜெபிதாவுக்குப் பொறுக்கவில்லை. "படம் போதும் எஸ்லின், இவுகள கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று ஆட்டோவை வரவழைத்தாள்.

ராயகிரி அணியோடு உள்ளூர் அணிக்குக் கடைசி செட். உள்ளூர்ப் பையன் ஓங்கி அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. அம்பயர் சங்கரசுப்பு பாயிண்ட் கொடுத்துவிட்டார். உள்ளூர்க் கூட்டம் விசிலடித்தது. பவுல்பாண்டியனின் இடது கை விருட்டென்று உயர்ந்தது.

"அவுட்டு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. ஜெபிதா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, என்ன சொன்னீக? இன்னொரு மட்டம் சொல்லுங்க!"

"அது... அது..."

அவள் முகம் வாடியது. எஸ்லின் குறுக்கே பாய்ந்தாள். "வாயக் கேக்காதீங்கக்கா, கையக் கேளுங்க! சார், அந்த சிக்னல் காட்டுங்க."

கை உயர்ந்தது. "அவுட்டு!"

எஸ்லின் துள்ளிக் குதித்தாள். "மூளையில பேச்ச அடுக்குத இடமும் கை வேலைய யோசிக்குத இடமும் ஒட்டிக் கிடக்குக்கா. சில பேருக்கு இத உசுப்புனா அதுவும் முழிச்சுக்கிடும்!"

சங்கரசுப்பு மூச்சிரைக்க ஓடிவந்தார். அவரும் சாரிடம் ஆடக் கற்றவர்தான். "சார், நெசமாவே அவுட்டா?"

கை மறுபடி உயர்ந்தது. "அவுட்டு! அவுட்டு!"

தீர்ப்பு மாறியது. அந்தப் பாயிண்டோடு உள்ளூர் அணி தோற்றது. தோற்ற பையன்களோ, "சார் பேசிட்டாருலே!" என்று கூவிக்கொண்டு வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தண்ணி குடிக்க மாதிரி செய்ங்க சார்" என்றாள் எஸ்லின்.

கட்டைவிரல் உதட்டுக்குப் போனது. "த... தண்ணி."

ஆளுக்கொரு பாட்டிலை நீட்டினார்கள். அவர் எதையும் வாங்கவில்லை. வீட்டு வாசலில் நின்று மனைவியைக் கூப்பிடும்போது அசைப்பதுபோலக் கையை அசைத்தார்.

"ஜெபி... வா."

பக்கத்திலேயே நின்றிருந்த ஜெபிதா, "வாரேன், இந்தா வாரேன்" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.