மிச்ச முந்நூறு டிகிரி

“லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் ஒடிங்க... போதும், போதும்! கண்ணாடியைப் பாருங்க சார், என்னை எதுக்குப் பார்க்கறீங்க?”

பல்கலைக்கழகத்து இயற்பியல் துறை வாசலில், அஞ்சலிக்கு வருகிறவர்களின் கார்களை வரிசையாக நிறுத்த வைத்துக்கொண்டிருந்தவர் இறந்துபோனவளின் புருஷன். அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது, எல்லோருக்கும் மாஸ்டர்தான். கார் கோணலாக நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. மனைவி பெட்டிக்குள் கிடக்கிற நாளிலுமா என்று கேட்டால், அன்றைக்குத்தான் சுத்தமாக இறங்கவில்லை.

சாம்பல் நிறக் காரிலிருந்து இறங்கியவர் அவரை அடையாளம் கண்டு பதறிப்போனார். “ஐயையோ மாஸ்டர், நீங்க போய்...”

“பின் சக்கரம் கோட்டு மேல நிக்குது. நேர் பண்ணிட்டு வாங்க.”

மச்சினி உள்ளேயிருந்து வேகமாக வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். தையல் கடை வைத்திருப்பவள், பிடித்தால் பிடித்ததுதான். “மாமா, போதும். எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க. அக்காவைத் தனியா விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?”

“இந்த ஒரு வண்டியை மட்டும்...”

“வண்டி எங்கயும் ஓடிப்போகாது. வாங்க.”

கருத்தரங்குக் கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் பெட்டியை வைத்திருந்தார்கள். பக்கத்துத் திரையில் அவள் முகம் இருக்கும் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். இருந்தது அவள் போட்ட கோடு. கறுப்புப் புள்ளிகள், அவற்றின் மேல் சிவப்பாக ஒரு கோடு. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முந்தின நாள் எழுதிய அட்டை இருந்தது.

அவருக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் இருபது வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டதில் சில விஷயங்கள் தானாக ஏறியிருந்தன. கட்டைவிரல் தடிமனில், ஒரு கை நீளத்தில் ஒரு குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அதில் கொஞ்சம் நைட்ரஜன் விடுவார்கள். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிறதே, அந்த ஜாதி அலையை ஒரு முனையில் கொடுத்தால், அது குழாயின் மேலேயே ஊர்ந்துபோய் உள்ளிருக்கும் வாயுவை ஒளிரவைக்கும். போகப்போக மங்கி, அலைக்குத் தெம்பு தீர்ந்த இடத்தில் வெளிச்சமும் தீர்ந்துபோகும். இது முழுவதையும் கணினிக்குள் கணக்காகக் கட்டுவது அவள் வேலை. அலை எலக்ட்ரான்களுக்குத் தீனி போடுகிறது. அவை மூலக்கூறுகளை இடித்து அதிரவைக்கின்றன, உடைக்கின்றன. உடைந்த அணுக்கள் குழாயின் சுவரில் மறுபடி ஜோடி சேரும்போது சூடு வருகிறது. சூட்டில் வாயு மெலிகிறது. மெலிந்தால் எலக்ட்ரான்களின் போக்கு மாறி, அலையின் போக்கும் மாறிவிடுகிறது. அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்.

“ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி மட்டும் ஓடல மாஸ்டர், ரோடும் சேர்ந்து நீளுது. அதுதான் என் தலைவலி” என்பாள். வீட்டிலும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள்; கேலியாகத் தொடங்கி அதுவே நிலைத்துவிட்டது.

குழாய் நெடுக வாயு எவ்வளவு சூடு என்று அளந்தவைதான் அந்தக் கறுப்புப் புள்ளிகள். அவள் கணக்கில் வந்தது சிவப்புக் கோடு. எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கோடு புள்ளிகளின் மேல் ஒன்றுவிடாமல் போய் உட்கார்ந்தது. இந்த அம்மா என்ன கிழித்துவிடப் போகிறாள் என்றிருந்தவர்கள் கப்சிப் ஆனார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

துறைத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இந்தக் கோடு இருக்கும்வரை அவர் நம்மோடு இருப்பார். நாளை நடக்கும் மாநாட்டில், அவருடைய மாணவி இதே கோட்டை வைத்து அவருக்கு மரியாதை செய்யப் போகிறார். இன்று மாலை ஆறு மணிக்கு விமானம்.”

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இங்கே வெறும் தரைதான் இருந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். முந்தின நாள் காலை, எட்டே முக்கால் மணி. ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பார்கள். அவள் தன்னுடைய பழைய புரோகிராமை அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு மூச்சு வாங்கி வாங்கி, “மாஸ்டர், எழுது” என்றாள். அவர் கையில் கிடைத்தது டிரைவிங் ஸ்கூல் பயிற்சி அட்டை. அதன் பின்பக்கத்தில், அவள் சொல்லச் சொல்ல எழுதினார்:

நாற்பத்தொண்ணாம் பக்கம். சுவர்ல அணு ஜோடி சேரும்போது வர்ற சூட்டை ரெண்டு இடத்துல கூட்டியிருக்கேன். ஒண்ணை எடுத்துட்டா கோடு முந்நூறு டிகிரி கீழ போயிடும். மிச்ச முந்நூறு?

“கேள்விக்குறிகிட்ட சொல்லிடு. இப்பவே” என்றாள். கேள்விக்குறி என்பது மாணவிக்கு அவள் வைத்திருந்த பட்டப்பெயர்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். தண்ணீர் மிஷின் பக்கத்தில் நின்றார். பெயரை எடுத்தார், பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை. அவள் ஆயுசு முழுக்கச் சம்பாதித்தது அந்த ஒரு கோடு. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கூட்டல் தெரியாதவள் என்ற பேரோடா அவள் போக வேண்டும்? மாட்டேன் என்று நினைத்தார். அவளுக்காக அவர் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“சரின்னா.”

“சரின்னாளா?”

“ம். சரிங்க மேடம்னா.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “அட்டையைத் தொலைச்சிடாத. நீ ஏதாவது சாப்பிட்டியா?” என்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

தகன நிலையத்துக்குப் போகும்போது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காரை மாஸ்டரே ஓட்டினார். முன்னால் பெட்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மச்சினி. பாதி வழியில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“மருந்து மயக்கத்துல ஏதோ சொல்லியிருப்பா மாமா.”

“மயக்கமா? பக்கத்தோட நம்பர் வரைக்கும் சொன்னா.”

மச்சினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இருக்கட்டுமே. எட்டு வருஷமா ஒருத்தனும் கண்டுபிடிக்கலைல்ல? இன்னைக்கு நாமளா போய், எங்க அக்கா தப்பு பண்ணிட்டான்னு தமுக்கடிக்கணுமா? அந்தக் கூட்டத்துல நாலு பேர் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான். நாக்குல நரம்பில்லாமப் பேசுவான். அவ வந்து பதில் சொல்லப்போறாளா?”

“அந்தப் பொண்ணு நாளைக்கு...”

“அவ சின்னப் பொண்ணு, சமாளிச்சுக்குவா. நானா இருந்தா அட்டையைக் கிழிச்சு ஜன்னல் வழியா போட்டிருப்பேன்.”

அவள் சொன்னதெல்லாம் அவரும் நினைத்ததுதான். இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்கும்போது ஏனோ எரிச்சலாக வந்தது. பின்னாலிருந்து ஹாரன் அலறியது. பச்சை விளக்கு விழுந்து எத்தனை நேரம் ஆயிற்றோ தெரியவில்லை. பெட்டி வண்டி வளைவில் திரும்பி மறைந்திருந்தது. மாஸ்டர் கியரை மாற்றப் போய் வண்டி அணைந்தே விட்டது.

தகன நிலையத்தில் வழவழப்பான பெஞ்சுகள் போட்ட ஒரு காத்திருப்பு அறை. “ரெண்டு மணி நேரம் ஆகும் சார். முடிஞ்சதும் நானே வந்து கூப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டு ஊழியர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சுவருக்குச் சுவர் பதினெட்டு அடி. மாஸ்டர் நடந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது அவர் நிலை. மச்சினி சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

மூலையில், பயணப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு மாணவி உட்கார்ந்திருந்தாள். அவளும் அவரிடம்தான் கார் பழகினாள். மூன்று முறை தேர்வில் தோற்றாள். கிளட்சை மிதி என்றால் ‘எதுக்கு மாஸ்டர்?’ என்பாள், பதில் திருப்தியாக இருந்தால்தான் கால் நகரும். அதற்குள் வண்டி நடைபாதையில் ஏறியிருக்கும்.

மூன்று மணிவாக்கில் அவள் எழுந்து வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. “மாஸ்டர், டாக்ஸி வந்துடுச்சு. போய்ட்டு வரேன்.”

“ம்.”

“நாளைக்கு வேற ஒண்ணும் பெருசா பேசப்போறதில்ல. மேடத்தோட கோட்டைப் போட்டுட்டு, ‘இதுல ஒரு புள்ளியைக்கூட நீங்க அசைக்க முடியாது’ன்னு மட்டும் சொல்லப்போறேன்.” அதைச் சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது.

அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். கதவுவரை போனாள். மாஸ்டர் மனசுக்குள் அந்தக் கூடம் வந்தது. இந்தப் பெண் மேடையில் நிமிர்ந்து நிற்க, பின் வரிசையிலிருந்து எவனோ ஒருத்தன் கையைத் தூக்குகிறான். இருபத்தாறு வருடத்தில் ஒரு மாணவரைக்கூட அவர் தெரிந்தே முட்டவிட்டதில்லை.

“இரும்மா” என்றார். குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்தது. மச்சினி கண்ணைத் திறந்தாள். “மாமா...” என்று எழப் போனாள். அவர் அவளைப் பார்க்காமலேயே அட்டையை நீட்டினார்.

மாணவி நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள். முகம் வெளிறிப்போனது. போச்சு என்று மாஸ்டர் நினைத்தார்.

“ரெண்டு தடவை...” என்று முணுமுணுத்தாள். “வாயுவுக்குள்ளயும் கூட்டி, சுவர்லயும் கூட்டி... ஆமா... ஆமாம், அப்படித்தான் வரும்...” சட்டென்று தலையைத் தூக்கினாள். “அப்போ யாரு சூடாக்கறா மாஸ்டர்?”

“எதை?”

“வாயுவை! புள்ளிங்க பொய் இல்ல. போன வருஷம் நானே திரும்ப அளந்தேன், அது சூடாத்தான் இருக்கு. கணக்குல முந்நூறு குறையுதுன்னா, நாம எழுதாத ஏதோ ஒண்ணு உள்ள உக்காந்து சூடாக்கிட்டிருக்கு. எட்டு வருஷமா! ஐயோ, இத்தனை பேரும் கோடு அழகா இருக்குன்னு பார்த்துட்டுப் போயிட்டோமே!” தரையிலேயே உட்கார்ந்து பையைத் திறந்தாள். துணிகளை வெளியே எறிந்து ஒரு நோட்டை எடுத்தாள். “அதிர்ந்துக்கிட்டிருக்கிற மூலக்கூறு ரெண்டு மோதினா... இல்ல, அது பத்தாது... மேடம் இதுக்கு என்ன நினைச்சாங்க? வேற ஏதாவது சொன்னாங்களா? எப்போ சொன்னாங்க?”

“நேத்து. எட்டே முக்காலுக்கு.”

“காலையிலயா?”

“ம்.”

பேனா நின்றது. “மூணு மணிக்குத்தானே மேடம்...” மேலே சொல்லாமல் அவரைப் பார்த்தாள். “எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாஸ்டர்? ஓடி வந்திருப்பேனே. ஆறு மணி நேரம் இருந்திருக்கே.”

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். உன் போன் எடுக்கவில்லை என்று சொல்லலாம். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.

“பண்ணல” என்றார். “பண்ணிட்டேன்னு அவகிட்ட பொய் சொன்னேன்.”

வெளியே டாக்ஸிக்காரன் ஒரு முறை ஹாரன் அடித்தான்.

“நான் என்ன சொன்னதா சொன்னீங்க?”

“சரின்னு சொன்னதா.”

“நானா?”

“ம்.”

“சரின்னா?” அவளுக்கு அழுகையும் வந்தது, அதை மீறிக்கொண்டு ஒரு சிரிப்பும் வந்தது. “மேடம் நம்பியே இருக்க மாட்டாங்க மாஸ்டர்.”

மாஸ்டர் பக்கத்திலிருந்த பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்து, அதில் மெதுவாக உட்கார்ந்தார். மச்சினி எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாணவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டின் மேல் குனிந்தாள். நாளைக்கு இதைத்தான் பேச வேண்டும், தப்பை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேள்வி, மேடத்தின் பெயரைப் போட்டு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுதினாள், அடித்தாள், எழுதினாள். ஹாரன் மறுபடி கேட்டது. “போய் அந்த ஆளைக் கொஞ்சம் இருக்கச் சொல்றேன்” என்று மச்சினி வெளியே போனாள்.

உள்கதவு திறந்தது. ஊழியர் கைகளைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். “சார், முடிஞ்சுது. வரலாம்.”

மாஸ்டர் விரலை உதட்டில் வைத்தார். “கொஞ்சம் இருங்க” என்றார் தாழ்ந்த குரலில். “பொண்ணு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கா.”