காத்திவாக்கம் வரை போன கித்தான் குழாய்

அட்சய வருஷம் சித்திரை மாதத்தில், ராயபுரம் கோணிக் கிட்டங்கியின் நாலாம் மாடியில் வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும், கூட ஒரு மேஸ்திரியும், ஒரே பைக்குள் இருந்தபடி காத்திவாக்கம் வரை ஆகாயத்தில் போனார்கள். அன்று தெற்குக் காற்று மிதமாக அடித்தது. சாலையில் போன மாட்டுவண்டிகளுக்கு எந்த இடைஞ்சலும் ஏற்படவில்லை.

அந்தக் கிட்டங்கி துறைமுகத்துக்கு வடக்கே ரயில் தண்டவாளத்தை ஒட்டி நின்றது. தரைத்தளத்தில் கடலை எண்ணெய்ப் பீப்பாய்கள், அதற்கு மேலே கப்பலுக்குக் காத்திருக்கும் மூட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலே நாலாம் மாடியில் கிழிந்த கோணிகளை உதறி ஒட்டுப்போடுகிற பெண்கள். புதுக் கோணிக்கு அடி தைக்கிறவர்கள் மட்டும் கீழே முற்றத்தில் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். தண்டையார்பேட்டை ரஹீமுன்னிசா முற்றத்துக்காரி. புருஷன் நிலக்கரிப் படகில் வேலை செய்து இருமியே செத்துப்போனான். பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக மண்ணுக்குக் கொடுத்து, கடைசியில் சாபிரா ஒருத்திதான் மிச்சம். சாபிராவுக்கு மேல்மாடியில் வேலை. தாயும் மகளும் காலையில் ஒன்றாக வருவார்கள், அந்தியில் ஒன்றாகப் போவார்கள். ரஹீமுன்னிசா போட்ட தையல் கப்பலேறி ரங்கூன் போய்த் திரும்பினாலும் பிரியாது என்பது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மூட்டை தூக்குகிறவர்கள் அவள் தைத்த கோணியைத் தேடி எடுத்து முதுகில் ஏற்றிக்கொள்வார்கள்.

கோணி தைக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இந்து வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும் அதில் வேற்றுமை இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அடி திறந்த கோணி கண்ணில் பட்டால் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. போனால் அன்றைக்கு உலையில் போட்ட அரிசி பானையில் தங்காது. அது யாருடைய கோணியாக இருந்தாலும் சரி, இரண்டு முழம் சணல் செலவானாலும் சரி, அடியை மூடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அந்தச் சித்திரைக்கு முந்தின மாசி மாதம் இன்சூரன்ஸ்காரர்களின் வற்புறுத்தலால் கம்பெனியார் சீமையிலிருந்து ஒரு சாமான் வரவழைத்தார்கள். உயரமான கட்டடத்தில் தீப்பிடித்தால் ஆட்கள் பத்திரமாக இறங்குவதற்கானது. பார்க்க, முரட்டுக் கித்தான் துணியில் தைத்த நீளமான குழாய். மேல்வாயில் இரும்பு வளையம், அதைச் சன்னல் சட்டத்தில் மாட்ட வேண்டும். கீழ்வாயில் நீண்ட கயிறு, அதைத் தரையில் இருப்பவர்கள் தள்ளி நின்று இழுத்துப் பிடித்தால் குழாய் சரிவாக நிற்கும், மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து வழுக்கி வந்துவிடலாம். துறைமுகத்திலிருந்து வந்த அன்று அதை முற்றத்தில் கோணிக் குவியலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தி நேரம். எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ரஹீமுன்னிசா எழுந்து புடவையை உதறும்போது அடி திறந்து கிடக்கும் அந்தப் பெரிய பையைப் பார்த்தாள். கப்பலில் தானியம் கொட்டுகிற பையாக இருக்கும், சீமையில் எவளோ தைக்காமல் அனுப்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து கோணி ஊசியைக் கோத்து, இரட்டைத் தையலாகப் போட்டு முடிச்சிட்டாள். பெரிய வாய் ஆனதால் கொஞ்ச நேரம் பிடித்தது. சாபிரா வாசலில் நின்று முனகினாள். மறுநாள் காலையில் கூலிகள் அதைச் சுருட்டி மேலே கொண்டுபோய் நாலாம் மாடிச் சன்னலுக்குக் கீழே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். செய்து காட்ட வேண்டிய துரைக்கு அந்த வாரம் காய்ச்சல். எப்படி உபயோகிப்பது என்று மேஸ்திரி பக்தவச்சலம் வாயால் சொல்லிக்கொடுத்ததோடு சரி. சாபிராவும் வீட்டில் சொன்னாள், தீப்பிடித்தால் இறங்குவதற்கு மேலே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று. நூலேணியாக இருக்கும் என்று ரஹீமுன்னிசா நினைத்தாள். "அல்லா அதுக்கு வேலை வெக்காம பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் வேலையில் உட்கார்ந்த சமயம், போகிற எஞ்சினிலிருந்து பறந்த பொறி ஒன்று கிட்டங்கிக்குள் விழுந்தது. சணலுக்குத் தீப்பிடிக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். மரப்படிக்கட்டு முதலில் போயிற்று. முற்றத்துக்காரிகள் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தபோது நாலாம் மாடிச் சன்னலில் பக்தவச்சலம் நின்று வளையத்தை மாட்டிக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து கித்தான் குழாய் சுருள் பிரிந்து, தரைக்கு ஓர் ஆள் உயரம் மிச்சம் வைத்துத் தொங்கியது. அதன் அடியைப் பார்த்ததும் ரஹீமுன்னிசாவுக்குத் தன் தையல் அடையாளம் தெரிந்தது. அவள் கத்துவதற்குள் மேலே முதல் ஆளாகச் சாபிராவை உள்ளே இறக்கிவிட்டார்கள்.

அவளுக்குப் பின்னால் தாயம்மா, அவளுக்குப் பின்னால் ஞானபாக்கியம், அப்படியே ஒருவர் தோளில் ஒருவர் காலாக எல்லாரும். நியாயப்படி கித்தான் கிழிந்திருக்க வேண்டும். கிழியவில்லை. குழாய் மூட்டையாகப் பருத்து, உள்ளே போனவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது. கடைசியாகப் பக்தவச்சலம் தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தார். அவர் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து தாயம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "மேஸ்திரி, காலை மடக்கு. மூக்குல குத்துது."

ரஹீமுன்னிசா அடிக்குக் கீழே போய் நின்று கத்தியை எடுத்தாள். சணல் நறுக்குகிற சின்னக் கத்தி. கித்தானுக்கு அந்தப் பக்கம் மகளின் உள்ளங்கால் இரண்டும் தையல்மேல் பதிந்திருப்பது தெரிந்தது. கையை வைத்துத் தொட்டாள்.

"அம்மா," என்றாள் உள்ளேயிருந்து சாபிரா. "இந்த முடிச்சு உன்னுதா?"

"என்னுதுதான்டி."

"கால்ல பட்டதுமே தெரிஞ்சிது. அறு, எறங்கிடறோம்."

அப்போது தரைத்தளத்துப் பீப்பாய்கள் வெடித்தன. கடலை எண்ணெய் நெருப்போடு வாசல் வழியாக வழிந்து, முற்றத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதுபோல ஓடி வந்தது. ரஹீமுன்னிசா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். குழாயின் அடியில் இப்போது நெருப்பு. அறுத்தால் சாபிரா முதலில் அதில்தான் விழுவாள், அவள்மேல் மற்றவர்கள். அறுக்காவிட்டால் மேலே சன்னல் எரிகிறது.

"இன்னாடி யோசிச்சிகினு கீறே?" இது தாயம்மா. "அறுக்கப் போறியா, இல்லியா?"

"கீய நெருப்பு ஓடுது தாயம்மா. அறுக்கலே."

"அப்ப தையல் தாங்குமா?"

"என் தையல் தாங்கும். துணியப் பத்தி எனக்குத் தெரியாது. சீமைத் துணி."

உள்ளே முணுமுணுப்பு எழுந்தது. பிறகு சாபிரா, "தாங்கும்னு எங்கம்மா சொன்னா தாங்கும்" என்று மற்றவர்களுக்குச் சொல்வது கேட்டது. ரஹீமுன்னிசா கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். மேலே சன்னல் சட்டம் கரியாகிப் பெயர்ந்தது. வளையம் கழன்றது. குழாய் விழவில்லை. நிரம்பின மூட்டை தானாக நிற்பதுபோல நின்ற இடத்திலேயே ஆகாயத்தில் நின்றது, பிறகு தெற்குக் காற்றுக்கு மெல்லத் திரும்பி வடக்கே நகர்ந்தது. அடுத்த நொடி கூரை உள்ளே விழுந்தது.

கிட்டங்கி கண்ணுக்கு மறைந்ததும் குழாயைத் தரைக்கு இழுத்துவிடலாம் என்றுதான் ரஹீமுன்னிசா நினைத்தாள். ஆனால் இறங்குவதற்கென்று செய்த அந்தச் சாமான் இறங்க மறுத்தது. காசிமேட்டில் ஆட்கள் கூடிக் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார்கள். இழுக்க இழுக்க அது பனைமர உயரத்துக்குப் போயிற்று. உள்ளேயிருந்து பெண்கள் திட்டினார்கள். அதனால் விட்டுவிட்டார்கள். ரஹீமுன்னிசா கயிற்று நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, பசுமாட்டை ஓட்டிப் போகிறவள் மாதிரி நடந்தாள். தந்திக்கம்பி வரும் இடத்தில் கடற்கரைப் பக்கம் இறங்கி நடந்தாள். தண்டையார்பேட்டையில் தன் வீட்டுச் சந்து வழியாகப் போனபோது பக்கத்து வீட்டு மலிகா வாசலில் நின்று, "இன்னா ரஹீமக்கா, சாபிரா எங்கே?" என்று கேட்டாள். "மேல கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுங்கச்சாவடிக்காரன் கொஞ்சம் யோசித்தான். சாலையில் சக்கரம் படாத வண்டிக்கு வரி விதிக்கச் சட்டம் இல்லை என்று முடிவு செய்து கட்டையைத் தூக்கிவிட்டான். லியாகத் அலி என்கிற வண்டிக்காரர் கூடவே கொஞ்ச தூரம் வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். திருவொற்றியூர்க் கோபுரம் கண்ணில் பட்டதும் இடித்துவிடுமோ என்று அவள் பயந்தாள். கோபுரத்துப் புறாக்கள்தான் எழுந்து வழிவிட்டன.

உள்ளே இருந்தவர்கள் முதலில் அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் சாமிகளை மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். ஞானபாக்கியம் அல்லாவையும், தாயம்மா மாதாவையும் கூப்பிட்டதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள். எர்ணாவூர் வருவதற்குள் பேச்சு வீட்டுச் சண்டைகளுக்குத் திரும்பிவிட்டது. அத்தனை பேரையும் அடியில் இருந்து தாங்கிக்கொண்டு வந்தவள் சாபிரா. ஈரப்புடவை தோளில் கிடந்த அளவுதான் கனம் தெரிந்தது என்று சொன்னாள்.

பொழுது சாயும்போது கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரஹீமுன்னிசாவின் உள்ளங்கை தோலுரிந்து கயிறு சிவந்திருந்தது. கால் ஓய்ந்துபோயிற்று. எதிரே கழிமுகம், அந்தப் பக்கம் நடக்கத் தரை இல்லை, காற்று இன்னும் நிற்கவில்லை. இதற்கு மேல் போனால் கயிற்றை விட வேண்டும், விட்டால் சாபிரா கடலுக்குப் போய்விடுவாள். காத்திவாக்கம் கரையில் மண்ணாங்கட்டி என்கிற மீனவனின் ஆட்கள் கரைவலையை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்ணாங்கட்டி எழுந்து வந்து மேலே பார்த்தான்.

"இன்னா மீனு?"

"மீனில்ல நைனா. பொம்பளைங்க. ஒரு மேஸ்திரியும் கீறாரு."

"மேஸ்திரியத் தண்ணியிலயே உட்ரலாமே," என்றான் மண்ணாங்கட்டி. ஆனால் அதற்குள் அவன் கை கயிற்றில் இருந்தது. ஆட்களைக் கூப்பிட்டான். வலை நிறைந்திருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும் என்பதைப் பிறந்ததிலிருந்து அறிந்த கைகள். அலை வரும்போது விட்டுக்கொடுத்து, அலை திரும்பும்போது வாங்கி, ஒருவன் பின்னால் ஒருவனாகக் குதிகாலை மணலில் ஊன்றி, காற்றையும் அப்படியே விட்டு விட்டு வாங்கினார்கள். யாரும் அவசரப்படவில்லை. குழாய் பனை உயரத்திலிருந்து தென்னை உயரத்துக்கும், அங்கிருந்து கூரை உயரத்துக்கும் வந்து, கடைசியில் ஈர மணலைத் தொடுகிற மாதிரி நின்றது.

ரஹீமுன்னிசாவிடம் கத்தி இல்லை. மீன் அறுக்கிற கத்தி கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். அத்தனை நெருக்கத்தில் மகள் கால் இருக்கிறது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, வாழ்நாளில் முதல் தடவையாகத் தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். வந்த வழியிலேயே சணல் திரும்பிப் போயிற்று. வாய் திறந்ததும் இரண்டு பாதங்கள் வெளியே வந்தன. புகைக் கரி அப்பிய பாதங்கள். அவள் அவற்றைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். விடவில்லை.

"நவுரும்மே," என்று மேலேயிருந்து தாயம்மா சத்தம் போட்டாள். "நாங்களும் எறங்கணும்ல."

எல்லாரும் இறங்கினார்கள். யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அன்று இறால் குழம்பும் சோறும் காத்திவாக்கத்தார் கொடுத்தார்கள், இருந்த வீடுகளிலெல்லாம் பிரித்து உட்காரவைத்து. பக்தவச்சலம் மூன்று தரம் சோறு வாங்கினார்.

தன்னை யாராவது திட்டுவார்கள் என்று ரஹீமுன்னிசா பல நாள் காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. பொறுக்கமாட்டாமல் தாயம்மாவிடம் போய், வாயைத் தைத்தது நான்தான், ஒரு வார்த்தை கேட்டுவிடு என்றாள். தாயம்மா வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்: "நீ தைக்காங்காட்டி நெருப்புல வுயுந்திருப்போம். தைச்சதால பறந்தோம். இதுல எதுக்குத் திட்டறது? உக்காரு, டீத்தண்ணி குடி." இன்சூரன்ஸ்காரர்கள் வந்து விசாரித்து, சாமான் நன்றாக வேலை செய்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பெனியார் அடுத்த கிட்டங்கியைத் தரையோடு, மாடி வைக்காமல் கட்டினார்கள். சாபிராவுக்கு மீஞ்சூர்ப் பக்கம் நிக்காஹ் ஆயிற்று. பிள்ளைகள் பிறந்தன, தங்கின.

ஒவ்வொரு சித்திரையிலும் பையில் போன பெண்கள் எண்ணூர் ரயிலேறி, ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு காத்திவாக்கம் போனார்கள். அந்த ஒரு நாள் அந்த ஊர்ப் படகுப் பாய்களையும் வலைகளையும் அவர்களே தைத்தார்கள். முதல் வருஷம் மண்ணாங்கட்டி வேண்டாம் என்றான். இரண்டாம் வருஷம் கிழிந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். நன்றி என்கிற வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரஹீமுன்னிசா நடக்க முடியாமல் போன வருஷம், சாபிரா தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு தாய்க்குப் பதிலாக இரண்டு ஆள் வேலை செய்துவிட்டு வந்தாள்.

கித்தான் குழாய் ராயபுரத்துக்குத் திரும்பவில்லை. ஆட்கள் இறங்கிய பிறகும் அது மணலில் விழவில்லை, மடித்துச் சுருட்டவும் சம்மதிக்கவில்லை. மண்ணாங்கட்டி அதை ஒரு முளையில் கட்டிவைத்தான். இரண்டு வாயும் திறந்தபடி இன்றைக்கும் அங்கே கூரைக்கு மேலே நிற்கிறது. மழைக்கு நனைகிறது, வெயிலுக்குக் காய்கிறது. மத்தியானத்தில் அதன் நிழலில் உட்கார்ந்துதான் கிழிந்த வலையைப் பொத்தித் தைக்கிறார்கள். நிழல் கடல் பக்கம் சாயச் சாய, அவர்களும் வலையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்கிறார்கள்.