அப்பாவின் வலது உதடு

அண்ணன் முடிவு செய்துவிட்டார்: லாரி கம்பெனியின் புதுக் கட்டட வாசலில் அப்பா நிற்க வேண்டும். செத்து ஒரு வருஷமான மனிதரை ஆளுயரத் திரையில் நிறுத்தி, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவைப்பது சின்னவன் பொறுப்பு. கணினிப் பொம்மைகளின் முகத்துக்கு உயிர் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு.

"குடும்பப் பேரு கெடாம செய்டா," என்றார் அண்ணன்.

லாரித் தொழிலை விட்டுப் பொம்மை செய்யப் போனவன் என்ற குத்தல் அந்த வீட்டில் ஓய்ந்ததே இல்லை. ஆனாலும் அவனுடைய பட்டமளிப்பு வீடியோவில் அப்பா அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஒன்று இருந்தது. வலது உதட்டோரம் மட்டும் லேசாக ஏறும். வாய்விட்டுச் சொல்லாத பெருமை என்று அதை நெஞ்சில் பூட்டி வைத்திருந்தான். அந்த ஒரு சிரிப்புதான் அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த சொத்து. அதையே திரை முகத்தில் ஏற்றினான்.

அவன் வேலை செய்யும் இடத்தில் வழக்கம்போல அதை முன்பின் தெரியாதவர்களுக்குச் சோதனையாகக் காட்டினார்கள். சத்தம் கிடையாது, முகத்தில் தெரிகிற உணர்ச்சிக்கு உரிய பொத்தானை அழுத்த வேண்டும். சோதனை நடத்திய பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், பெருமைன்னு ஒருத்தர்கூட அழுத்தல. எல்லாம் இளக்காரம். 'யாரைப் பாத்து இந்த ஆளு நக்கலடிக்கிறான்'னு ஒருத்தர் கேட்டே கேட்டுட்டார்."

"உதட்டுல ஏத்தம் கூடிப்போச்சு போல. அசல் வீடியோவையே காட்டு."

அதற்கும் இளக்காரம்தான். அதே வீடியோவில் அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்க்கிற கணத்துக்கு மட்டும் பெருமை என்று அழுத்தினார்கள். இரண்டு கன்னமும் ஏறி, கண்ணோரம் சுருங்கியிருந்தது. வேறு எவன் அப்பன் முகமாக இருந்தாலும் சின்னவன் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பான்.

அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அப்பாவுக்கு ஒரு பக்கமா சிரிக்கிற பழக்கமாம்மா?"

"உன்கிட்ட மட்டும்தான்டா. 'மூஞ்சி வரைஞ்சு பொழைக்கப் போறானாம், எதிர்ல இருக்கிற மூஞ்சி என்ன சொல்லுதுன்னு தெரியல'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும்தான் சிரிப்போம். வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, இதுக்குப் போய் ஏன் உன் குரல் இறங்குது?"

போனை வைத்துவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்தான். பெற்றவரின் இளக்காரத்தை நாலு பேர் பார்க்க வாசலில் நிறுத்துகிற பிள்ளை அவன் இல்லை. அண்ணனுக்குக் கிடைத்த சிரிப்பை எடுத்து, தசை தசையாக அப்பா முகத்தில் ஏற்றினான். இந்த முறை எல்லோரும் பெருமை என்றே அழுத்தினார்கள்.

திறப்பு நாளில் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டிப் பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு திரை முன் நின்றுவிட்டாள்.

"பெரியவர் என்னைப் பாத்து எவ்ளோ பெருமையா சிரிக்கிறார் பாருங்க!"

"உன்னை மட்டுமா? பஞ்சரான டயரை உருட்டிட்டு வந்தாலும் அப்படித்தான் சிரிப்பார்," என்றார் ஒரு லாரி டிரைவர்.

சின்னவனையும் எதிரில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அப்பா அவனைப் பார்த்துப் பூரித்துச் சிரித்தார். எந்தத் தசைக்கு எவ்வளவு ஏற்றம் கொடுத்தோம் என்று அவன் மனம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.