வேறு தோள் அறியாதவள்

நோனா என் தோளைத் தவிர வேறு தோளில் உட்காரமாட்டாள் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். யாம்தேனா தீவில் கொண்டைக்கிளி வளர்க்காத தெரு கிடையாது. ஆனாலும் என் நோனா வேறு ரகம். வெள்ளை உடம்பு, குட்டைக் கொண்டை, முழங்கை நீளம்கூட இல்லாத உருவம், அதற்குள் ஒரு வகுப்பறைச் சேட்டை. விடிந்தால் கத்தித் தெருவையே எழுப்புவாள். தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு அடுக்களைக்குள் வந்து, மரவள்ளி அடையைக் கொத்திப் போடுவாள். என் கணவர் மெல்கியாஸைக் கண்டால் மட்டும் கொண்டை சிலிர்த்துக்கொள்ளும், கொத்தப் பாய்வாள்.

"உன் செல்லம் இன்னைக்கும் கடிச்சிட்டா பாரு" என்று அவர் விரலை நீட்டுவார். நான் மருந்து தடவிவிடுவேன். வெளியே பாவம் என்பேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். எனக்கே எனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்கிற திமிர் அது.

அப்போது தென்னந்தோப்புகளுக்குச் சாசி என்கிற தடை போட்டிருந்தார்கள். தோப்பு வாசலில் குருத்தோலையை முடிந்து தேவாலயத்தில் ஜெபித்துவிட்டால், அறுவடை வரை ஒரு காயையும் யாரும் தொடக்கூடாது. மீறி ஓலையை அவிழ்க்கிற கை வீங்கிப்போகும் என்பார்கள். நானும் நம்புகிறவள்தான்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஓர்பா அக்காவின் தோப்பில் ஓலை அவிழ்ந்து கீழே கிடந்தது. மரங்கள் காயில்லாமல் மொட்டையாக நின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் ரன்பலாக் ஊரைத் தேவாலய முற்றத்தில் நிறுத்தி விசாரித்தார். மெல்கியாஸ்தான் முன்னால் வந்தார்.

"ஓலைய அவுத்தது எங்க வீட்டுக் கிளி. என் கண்ணால பாத்தேன். ஓலை இல்லாத தோப்புன்னு எவனோ படகுல வந்தவன் காயப் பறிச்சுட்டுப் போயிருக்கான். அடுத்த கப்பல் வந்ததும் கிளி வியாபாரிகிட்ட அதக் கொடுத்துடுவோம். சனியன் ஒழியட்டும்."

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்! கப்பலில் பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்துக் கடத்திக்கொண்டு போகிற கிளிகள் என்ன ஆகின்றன என்று அவருக்குத் தெரியாதா?

"அவ ஓலையப் பாத்தா நார் நாராக் கிழிப்பா. அங்க முழு ஓலையால்ல கிடந்துச்சு?" என்று கத்தினேன். "முடிச்சு அவுக்க அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? நான் கொடுக்கல. நான் சொல்லிக் கொடுக்காதத அவ செய்யமாட்டா!"

"தாழ்ப்பாளத் தொறக்கிற மகராசிக்கு முடிச்சு எம்மாத்திரம், சலோமினா?" என்றாள் ஓர்பா அக்கா. கூட்டம் சிரித்தது.

"அப்ப இங்கயே ஒரு ஓலையக் கட்டுங்க. ஜெபம் பண்ணாத ஓலை. அவ அவுத்தா நானே கப்பல்ல ஏத்திவிடறேன்."

"எதுக்குப் பெரியப்பா வீண் வேலை? வெயில் ஏறுது" என்றார் மெல்கியாஸ்.

மூப்பர் கேட்கவில்லை. மணிக்கூண்டுத் தூணில் குருத்தோலையைக் கட்டச் சொன்னார். ஆராதனைக்கும் என் தோளிலேயே வந்திருந்த நோனாவின் உச்சந்தலையில் முத்தமிட்டு, தூணுக்குப் பக்கத்துத் திண்டில் அவளை இறக்கிவிட்டேன்.

அவள் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் முடிச்சைப் பார்த்தாள். கிழிக்கவில்லை. ஒரு காலால் ஓலையைப் பிடித்துக்கொண்டு, முடிச்சுக்கு அடியில் அலகை நுழைத்து இழுத்தாள். ஓலை முழுசாகக் கீழே விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. அத்தனை பேர் முன்னால் என் மூக்கை அறுத்துவிட்டாள். அழுகை முட்ட, "வாடி" என்று கையை நீட்டினேன்.

அவள் என் கையைத் தாண்டிப் பறந்தாள். நேராக மெல்கியாஸின் தோளில் போய் உட்கார்ந்தாள். கொண்டை சிலிர்க்கவில்லை, கொத்தவில்லை. அவர் சட்டைப் பைக்குள் தலையை விட்டு வறுத்த வேர்க்கடலை ஒன்றை எடுத்து, நிதானமாகத் தோலுரித்துத் தின்றாள். அவர் தள்ளிவிட்டார். மறுபடியும் ஏறித் தலையை ஆட்டி ஆட்டி இன்னொன்று கேட்டாள்.

மூப்பர் அவர் சட்டைப் பையைப் பார்த்தார்.

"மெல்கியாஸ்," என்றார் மூப்பர், "என்னப்பா இது?"

"பெரியப்பா... ஓலைய என் கை தொடல. சத்தியமாத் தொடல."

"காய?" என்றாள் ஓர்பா அக்கா. அவர் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"கை வீங்கும்னு பயந்து அவள விட்டீங்களா?" என்று கேட்டேன். "சாபம் அவ மேல விழட்டும்னா? அப்புறம் கப்பல்லயும் ஏத்திட்டா யாருக்கும் தெரியாது, அப்படித்தானே?"

"கிளிதானே, சலோமி."

பறித்த காய்களுக்கு இரண்டு மடங்கு அவர் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பானது. "கிளிமேல தப்பில்ல, கூட்டிட்டுப் போம்மா" என்றார் மூப்பர். நான் ஜெயித்துவிட்டேனாம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நான் சிப்பி பொறுக்கக் கடற்கரைக்குப் போன பொழுதெல்லாம் இந்த முற்றத்தில் இரண்டு பேரும் கடலையும் முடிச்சுமாகப் பழகியிருக்கிறார்கள். நான் திரும்பியதும் இவள் கொண்டையைச் சிலிர்ப்பாள், அவர் விரலை நீட்டுவார். நான் மருந்துச் சிமிழைத் தேடி ஓடியிருக்கிறேன்.

நோனா ஒன்றும் நடக்காதது போல என் தோளில் ஏறிக் காதைக் கவ்வினாள். இறகில் அவருடைய கிராம்புச் சுருட்டு வாசம் அடித்தது. அவளை மடியில் இறக்கி, ஓலையைப் பிடித்த காலை விரித்துப் பார்த்தேன். வீங்கவில்லை.

வீங்கியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.