பத்து ஜோடியும் பிரேக் காலும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சோபாவிலிருந்து கிடைத்தது. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் மனைவி ஒருநாள் புலம்பினார்: "டீவியில எவனாவது வேகமா வண்டி ஓட்டினா, இவரு சோபாவில உக்காந்து தரையை மிதிக்கிறாருங்க." டிரைவிங் ஸ்கூல் காரில் ஆசிரியர் பக்கம் பிரேக் உண்டு, கிளச் உண்டு, ஆக்சிலேட்டர் கிடையாது. பயந்தால் கால் தானாகத் தரையைத் தேடும்.

அந்தக் காலை மட்டும் எடுத்துக்கொண்டேன். மனிதரைச் சோபாவிலேயே விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "வாழ்க்கை ஒரு சீட்டாட்டம், விதி சீட்டைப் பங்கிட, மனிதன்—"

(அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிப்பவர்களின் பேனாவைப் பறிமுதல் செய்ய ஓர் அதிகாரியை நியமிக்கலாம்.)

இரண்டாம் தொடக்கம்: டிரைவிங் ஸ்கூல் அலுவலகம். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. இரும்பு மேசையைச் சுற்றி மூன்று ஆசிரியர்கள் போக்கர் ஆடுகிறார்கள். பந்தயப் பொருள், மெக்கானிக் டப்பாவிலிருந்து எடுத்த நட்டுகள். யாருடைய நட்டு முதலில் காலியாகிறதோ, அவர் இன்று ஸ்கூலின் முதலாளியம்மாவை லைசென்ஸ் டெஸ்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சிரிக்காதீர்கள். முதலாளியம்மா ஒவ்வொரு டெஸ்டிலும் கோட்டை விட்டவர். போன முறை அவரோடு போன ஆசிரியர் வேலை போய், இப்போது எதிர்ச் சாரியில் சீட் கவர் விற்கிறார். மூவரில் ஒருவனான நம் ஆளுக்கோ மனைவி நிறைமாதம். இந்த வேலை போனால் மாமனாரின் பெயிண்ட் கடைதான் கதி. மாமனார் ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்துக்கொண்டு ஆசையோடு காத்திருக்கிறார்.

நம் ஆளை எல்லோரும் பிரேக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

3

இன்னொருவர் மாஸ்டர், வயதில் மூத்தவர். போக்கர் பற்றி ஒரு புத்தகத்தில் பாதி படித்திருக்கிறார். மீதிப் பாதியை அவரே எழுதியதுபோலப் பேசுவார்.

"இது சீட்டு வெளையாட்டு இல்ல தம்பி. மனோதத்துவம்."

"மாஸ்டர், முதல்ல சீட்டைப் போடுங்க. மனோதத்துவத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அக்கா. மூன்றாவது ஆள் அவள்தான்.

(அக்காவை இந்தக் கதையிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். அவளை நீக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

4

ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் விரிக்கும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. பிரேக் கையில் ஒரு பத்து; நடுவிலும் ஒரு பத்து வந்தது. ஜோடி! ஆனால் அதன் பக்கத்திலேயே ஒரு ராஜா மல்லாந்து கிடந்தார். எதிராளி கையில் இன்னொரு ராஜா இருந்தால் பத்து ஜோடி காலி.

நல்ல சீட்டு வந்தால் புத்தி தேவையில்லை. மட்டமான சீட்டுக்கும் தேவையில்லை. கவிழ்த்துவிட்டுக் கை கழுவப் போகலாம். இந்த இரண்டுங்கெட்டான் சீட்டுதான் ஆளைக் கொல்லும். விட மனசு வராது, நம்பவும் முடியாது. அதை ஆடும் விதம் ஒன்றுதான்: நீயாகப் பந்தயத்தை ஏற்றாதே. சின்னப் பந்தயம் வந்தால் அதே அளவு நட்டு வைத்து ஈடு கொடு. மேசை நடுவே நட்டு குவிய விடாதே. ஆக்சிலேட்டர் இல்லாத பக்கத்தில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது கைவந்த கலை.

"செக்" என்றான் பிரேக். எதுவும் கட்டாமல் முறையை அடுத்தவரிடம் தள்ளிவிடுவதற்குப் பெயர் அது.

மாஸ்டர் கொஞ்சம் நட்டு வைத்தார். அக்கா சீட்டைக் கவிழ்த்தாள். பிரேக் ஈடு கொடுத்தான். அடுத்த சீட்டிலும் அதே கதை.

கடைசிச் சீட்டு விழுந்தது. ஒன்றுக்கும் உதவாத இரண்டு.

"செக்."

மாஸ்டர் தன்னிடமிருந்த நட்டு அத்தனையையும் முழங்கையால் நடுவே தள்ளினார். பிரேக்கிடமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது.

"இப்பச் சொல்லு தம்பி."

அப்போது மேசைக்கு அடியில் ஒரு சத்தம். டக்.

5

(இந்த டக் மூன்றாவது திருத்தத்தில் வந்தது. மாஸ்டரின் கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது என்றால் மாஸ்டர் பயந்திருக்கிறார். பயந்திருந்தால் கையில் நல்ல சீட்டு இல்லை, வெறும் மிரட்டல். பிரேக் துணிந்து ஈடு கொடுக்கலாம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சி ஒரு காபி குடித்தேன். திரும்பி வருவதற்குள் அக்கா பேசிவிட்டாள்.)

"இப்ப யாருப்பா மிதிச்சது?"

"நான் இல்லம்மா" என்றார் மாஸ்டர்.

பிரேக் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். மாஸ்டரின் கால் தரையில் அழுந்தி நின்றது. அவனுடைய காலும் அப்படித்தான்.

6

முடிவு அ: ஈடு கொடுக்கிறான். மாஸ்டரிடம் ஒன்றுமில்லை. முதலாளியம்மாவுக்கு மாஸ்டர் மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கிறார். நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

முடிவு ஆ: ஈடு கொடுக்கிறான். மாஸ்டரிடம் ராஜா. கடைசி வரியில் பெயிண்ட் வாசனை. கனமான பத்திரிகைகள் விரும்பிப் போடும்.

முடிவு இ: கவிழ்க்கிறான். மிச்சமிருக்கும் நட்டோடு அடுத்த ஆட்டம். புத்திசாலித்தனம்தான். ஆனால் இதைப் படிக்கவா நீங்கள் இவ்வளவு தூரம்—

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கையில் இருக்கும் இந்தக் கதையும் ஒரு பத்து ஜோடிதான். மார்தட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதில்லை, கிழித்துப் போடும் அளவுக்கு மட்டமுமில்லை. இதை வைத்துக்கொண்டு நானாக ஏற்றுவது மடத்தனம்.

அதனால், செக்.

உங்கள் முறை. சீக்கிரம் சொல்லுங்கள், பிரேக் சீட்டைப் பிடித்தபடி உங்களைத்தான் பார்க்கிறான். வாசலில் முதலாளியம்மா வண்டியில் ஏறி ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அது சரி, இப்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது?